‘பப்ளிமாஸ்’னு கூப்பிடாதீங்க!

கல்யாணப் பந்தி. பதினைந்து வயசுப் பெண்ணின் இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழப் போகிறது. அவள் கையைக் குறுக்கே நீட்டி, ‘‘வேண்டாம்ணா’’ என்கிறாள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா விடவில்லை. ‘‘அட, சும்மா வைப்பா! யானைப் பசிக்கு ஒரு ஜாங்கிரி எந்த மூலைக்கு?’’

பந்தியே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அவள் சிரித்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் ரசம், மோர் எதையும் தொடாமல் எழுந்து கை கழுவப் போனதையும், மண்டபத்துக்குள் திரும்பாமல் வெளியே நின்ற வேனில் போய் உட்கார்ந்துகொண்டதையும் யாரும் கவனிக்கவில்லை. அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறையில் லைட் போடாமல் நின்றபடியே தாம்பூலப் பையில் இருந்த லட்டு, அதிரசம், மிக்சர் பாக்கெட் எல்லாவற்றையும் காலி செய்தாள். அப்போது அம்மாவுக்குக்கூடத் தெரியாத இந்த விஷயத்தை என்னிடம் சொன்னது அவளேதான். என் சிநேகிதியின் மகள். ‘‘எழுதுங்க ஆன்ட்டி. ஆனா நான்தான்னு தெரியக் கூடாது’’ என்று கண்டிஷன் போட்டிருக்கிறாள். அதனால் ஊர், பேர் எதுவும் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பையனோ இருக்கலாம். நீங்கள் அந்தச் சித்தப்பா மாதிரி கேலி செய்கிற ஆள் இல்லைதான். அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ‘‘இந்த டிரெஸ் வேண்டாம்டி, இன்னும் குண்டாத் தெரியும்’’, ‘‘என்னது, மூணாவது தோசையா?’’, ‘‘பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு, கொடி மாதிரி இருக்கா!’’ – ஒரு நாளைக்கு இப்படி நாலு வார்த்தை. இது கேலியா, அக்கறையா என்பது சொல்கிற உங்களுக்குத் தெரியும். கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் சுடும்.

‘அதுக்காகப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சும்மா இருக்க முடியாதுதான். உலக அளவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டால், எடை குறைந்த பிள்ளைகளைவிட உடல் பருமன் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை முதல் தடவையாக அதிகமாகிவிட்டது என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் சொன்னது. தெற்காசியா இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் நம் தெருவில், நம் அபார்ட்மென்ட்டில் எட்டிப் பார்த்தால் அந்த ஆறுதலும் நிலைக்காது. முன்பெல்லாம் நாற்பது வயதில் கேள்விப்பட்ட சர்க்கரையும், கல்லீரல் கொழுப்பும் இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனையில் தெரிகின்றன.

ஆகவே, சொல்லத்தான் வேண்டும். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

‘எல்லாம் தெரியும்’ என்ற பெண்

என் சிநேகிதி சொன்னாள்: ‘‘அவளுக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும்டி. வாயைக் கட்டத்தான் மாட்டேங்கறா.’’

சரி, என்னதான் தெரியும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுப் பார்த்தேன். மடமடவென்று ஒப்பித்தாள். சாதம் கூடாது. நெய் கூடாது. உருளைக்கிழங்கு கூடாது. வாழைப்பழம் கூடாது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் எதுவுமே கூடாது. காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சம்பழமும் குடித்தால் கொழுப்பு கரையும். காலை டிபனை விட்டுவிட்டால் சீக்கிரம் இளைக்கலாம்.

‘‘உனக்கு ஒரு நாளைக்குப் புரதம் எவ்வளவு வேணும், தெரியுமா?’’

முழித்தாள். அதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பதிமூன்றிலிருந்து பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தினமும் 43 கிராம், பையனுக்கு 45 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் போட்ட கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். டிபன் சாப்பிடாமல் போய், மத்தியானம் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுகிற பெண் இந்த 43-ஐ எங்கே போய் எட்டிப்பிடிப்பாள்? புரதம்தான் வயிற்றில் நின்று பசி தாங்கும். அது இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வயிறு மறுபடி கூப்பிடும். ‘சும்மா சும்மா தின்கிறாள்’ என்று நாம் திட்டுவது பாதி நேரம் இந்தப் பசியைத்தான்!

தேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேனும் சர்க்கரைதான். ஒரு டேபிள் ஸ்பூனில் அறுபது கலோரி இருக்கும். அது கொழுப்பைக் கரைக்காது, எலுமிச்சம்பழமும் கரைக்காது. வெந்நீர் குடித்தால் வெந்நீர் குடித்த பலன்!

பாருங்கள், அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு பயப் பட்டியல். ஒன்றுக்கும் ‘ஏன்’ கிடையாது. அதனால் ஒரு நாள் கூட முழுசாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. மீறிய ஒவ்வொரு நாளும் ‘எனக்கு மனசுல உறுதியே இல்லை, நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம்? அந்த வருத்தத்துக்கு ஆறுதல் மறுபடி மிக்சர் டப்பாவில்.

இது அவள் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் இரண்டாயிரத்துக்கும் அதிகமான டீன்-ஏஜ் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டு 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையின் எடையைப் பற்றி, பருமனைப் பற்றிப் பெற்றோர் பேசிய வீடுகளில் பட்டினி கிடப்பது, தப்பான வழிகளில் எடை குறைக்கப் பார்ப்பது, அளவு மீறித் தின்பது எல்லாமே அதிகமாக இருந்தன. எடைப் பேச்சை எடுக்காமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில், குண்டான பிள்ளைகளிடமும் இந்தப் பழக்கங்கள் குறைவு. எடைப் பேச்சால்தான் இந்தப் பழக்கங்கள் வந்தன என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 2016-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் டாக்டர்களுக்கும் பெற்றோருக்கும் சொன்ன அறிவுரை இதே திசையில்தான் போகிறது: டீன்-ஏஜ் பிள்ளைகளிடம் எடைப் பேச்சு வேண்டாம், கேலி வேண்டவே வேண்டாம், டயட் இருக்கச் சொல்லாதீர்கள், முடிந்தவரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஸ்பூனால் ஒரு கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு கூல் டிரிங்க் பாட்டில், ஒரு காலி டம்ளர், சர்க்கரை டப்பா, ஒரு டீ ஸ்பூன் எல்லாம் எடுத்து வைத்தேன். ‘‘நீயே லேபிளைப் படி, நீயே அளந்து போடு’’ என்றேன். 100 மில்லியில் சர்க்கரை 10 கிராமுக்குச் சற்று மேல். பாட்டில் 250 மில்லி. ஒரு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். கணக்கில் அவள் கெட்டிக்காரி. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து ஸ்பூன் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

‘‘இதை ஏன் ஆன்ட்டி முன்னாடியே யாரும் சொல்லலை?’’

சொல்லியிருக்கிறார்கள். ‘அதைக் குடிக்காதே’ என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். டம்ளரில் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. காபி, டீ, ஸ்வீட், பிஸ்கெட் எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரே பாட்டிலில் அன்றைய கோட்டா தீர்ந்துவிட்டது!

அடுத்து அவளே எழுந்து போய் ஷெல்ஃபில் இருந்த பானப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். அதுதான், நாம் எல்லோரும் ‘உடம்புக்கு நல்லது’ என்று இரண்டு வேளையும் பாலில் கலந்து கொடுப்போமே, அது. நூறு கிராம் பவுடரில் கால் பங்குக்கும் மேல் சர்க்கரை உள்ளவை இவற்றில் உண்டு. நாம் அதற்கு மேல் இன்னொரு ஸ்பூன் சர்க்கரையும் போடுவோம். இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. சட்டப்படி ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாதாம்! என் சிநேகிதியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே... ‘‘பதினஞ்சு வருஷமா இதைத்தானேடி கொடுத்துக்கிட்டிருக்கேன்’’ என்றாள் பாவம்.

அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றைப் பார்த்தேன். அதுவரைக்கும் சாப்பாட்டுப் பேச்சு எடுத்தாலே தலையைக் குனிந்துகொள்வாள். இப்போது அவள் கையில் லேபிள். அம்மாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிகிறது. குரலே மாறிவிட்டது.

‘நீ அழகாத்தான் இருக்கே’ என்று நூறு தடவை சொன்னாலும் டீன்-ஏஜ் பெண் நம்ப மாட்டாள். ‘அம்மான்னா அப்படித்தான் சொல்லுவாங்க’ என்று ஒதுக்கிவிடுவாள். தன்னால் ஒரு காரியம் முடிகிறது என்று அவளே பார்க்கும்போதுதான் தைரியம் வருகிறது. அதனால் உங்கள் பிள்ளைக்கு அட்வைஸைக் குறைத்து, ஒரு வேலையைக் கொடுங்கள். மாதச் சாமான் லிஸ்ட் போடுகிற வேலை. எண்ணெய்க் கணக்கு பார்க்கிற வேலை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு போதும் என்பது அதே 2024 வழிகாட்டியின் அளவு. நாலு பேர் உள்ள வீட்டில் எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டர் வருகிறது. உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று பிள்ளையையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் 120 கலோரி. அதாவது ஏறக்குறைய இரண்டு இட்லி! தோசைக்கல்லில் நாம் சுற்றி ஊற்றுகிற எண்ணெயில் எத்தனை இட்லி இருக்கிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

நாலரை மணிப் பசி

இனி, தட்டுக்கு வருவோம். நம் வீட்டுப் பிள்ளைகளின் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏழரைக்கு ஸ்கூல் வேன். அவசரத்தில் அரை தோசை, அல்லது வெறும் காபி. மத்தியானம் டிபன் பாக்ஸில் கலந்த சாதம். காய் என்று இருந்தால் வறுவல். நாலரைக்கு வீட்டுக்கு வரும்போது காணாததைக் கண்ட பசி. ஐந்தரைக்கு டியூஷன் என்பதால் பப்ஸ், பஜ்ஜி, நூடுல்ஸ், மிக்சர் – எது கைக்குக் கிடைக்கிறதோ அது. மிக்சர், சிப்ஸ் வகையறா 100 கிராமில் 500 கலோரிக்குக் குறையாது. டியூஷன் முடிந்து வந்து, ராத்திரி ஒன்பதரைக்கு டி.வி. முன்னாலோ செல்போன் பார்த்தபடியோ சாப்பாடு. பன்னிரண்டு வரை படிப்பு, காலையில் ஐந்தரைக்கு அலாரம். டீன்-ஏஜ் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்பு, வறுத்தது பக்கமே மனசு போகும். இந்த டைம்டேபிளைப் போட்டது பிள்ளை இல்லை, நாம்தான். பழியை மட்டும் அதன் நாக்கின் மேல் போடுகிறோம்.

என்னைக் கேட்டால், முதலில் நாலரை மணியைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அது நொறுக்குத்தீனி நேரம் என்று நினைப்பதால்தான் தப்பு வருகிறது. அது ஒரு சாப்பாட்டு நேரம். சுண்டல், அவித்த வேர்க்கடலை, முட்டை, பயறு அடை, காய் போட்ட உப்புமா, தயிரோடு ஒரு கிண்ணம் பழம் – வீட்டில் எது உண்டோ அது. ரெடியாக, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையிலேயே சுண்டலை வேக வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், பிள்ளையே தாளித்துக்கொள்ளும். பதினாலு வயசுப் பையனுக்குக் கடுகு தாளிக்கத் தெரிந்தால் ஒன்றும் குறைந்துபோகாது!

சாதத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதன் இடத்தைக் குறைத்தால் போதும். 2024 வழிகாட்டியில், 2000 கலோரித் தட்டில் தானியம் 250 கிராம், காய் 400 கிராம், பழம் 100 கிராம். தானியத்திலிருந்து வருகிற கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். நம் இலையிலோ சாதம் மலை, காய் ஓரத்தில் பொட்டு! இந்தக் குறை இன்று நேற்று வந்ததும் இல்லை. அந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருந்தாலும், பிறந்தது நம் குன்னூரில்தான். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் அங்கே ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடமாக ஆரம்பித்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. பட்டை தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள்தான் கடைசி! அன்றைக்கு அரிசி மட்டும் தின்று இளைத்துப் போனார்கள் என்று கவலை. இன்றைக்கு அதே அரிசியோடு எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து, நடமாட்டமும் குறைந்து, கவலை தலைகீழாகிவிட்டது. பருப்பும் காயும் பழமும் போதவில்லை என்பது மட்டும் மாறவே இல்லை. குண்டான பிள்ளைக்கும் ரத்தசோகை இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குண்டான பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் கூடாது. தம்பிக்கு பூரி, அக்காவுக்கு ஓட்ஸ் கஞ்சி என்றால், அது அந்தப் பெண்ணுக்கு தினமும் மூன்று வேளை கொடுக்கிற தண்டனை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. என் சிநேகிதியின் கணவர்தான் இதற்கு ரொம்ப முரண்டு பிடித்தார். காபிக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவர் அவர். சட்டைப் பட்டன் வயிற்றுக்கிட்டே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்! ‘‘குறைக்க வேண்டியது அவ, நான் எதுக்கு?’’ என்றார். மகள் லேபிளும் ஸ்பூனுமாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு ஒன்றரை ஸ்பூனுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் மாதிரி கறுத்திருக்கிறதா? ‘சரியாத் தேய்ச்சுக் குளிக்கிறதில்லை’ என்று பயத்தமாவும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தோல் சிவக்கத் தேய்க்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், அது ரத்தத்தில் அளவுக்கு மேல் சுரக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அது அடையாளம். தேய்த்தால் புண்தான் ஆகும். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் டெஸ்ட் எழுதிக் கொடுப்பார்.

பெண் வயதுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியும் மாதவிலக்கு 45 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளிப் போனாலும், மூன்று மாதம் வராமலே இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். தூக்கத்தில் பலமான குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது – இதற்கும்தான். ‘தைராய்டா இருக்குமோ?’ என்பது எல்லா அம்மாக்களின் முதல் கேள்வி. ஹார்மோன் கோளாறால் எடை போடுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் உயர வளர்ச்சியும் மந்தமாகிவிடும். வகுப்பில் மற்றவர்கள் அளவுக்கு உயரமாக வளர்ந்துகொண்டே எடையும் போடுகிற பிள்ளைக்கு அந்தக் காரணம் அபூர்வம்.

பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. கணக்கைப் போட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. டாக்டர் அதில் குறித்துக் காட்டுவார். வீட்டில் ஒரு தோராயக் கணக்கு வேண்டுமானால், பிள்ளையின் உயர அளவுக்கு ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பார்க்கலாம். எட்டாவிட்டால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஆனால் ஒன்று: இதைக் கூடத்தில், பாட்டி, மாமா எல்லோரும் பார்க்க நிறுத்தி வைத்துச் செய்தீர்களானால் இதுவரை நான் எழுதியது அத்தனையும் வீண்!

இன்னும் உயரமாகிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, எடை இறங்காமல் அப்படியே நின்றாலேகூடப் பல நேரம் போதும். உயரம் கூடக் கூட உடம்பு அளவாகிவிடும். குறைக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். திடீரென்று வேகமாக இளைக்கிற பிள்ளை, சாப்பிட்டதும் பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொள்கிற பிள்ளை, ஒளித்து வைத்துத் தின்கிற பிள்ளை – இவர்களைத் திட்ட வேண்டாம். டாக்டரோடு மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டிய நேரம் அது.

பையன்கள் சிரித்தால் நம்பாதீர்கள்

பெண் அழுவாள், தெரிந்துவிடும். பையன்? அவன் ஜோக்கராகி விடுவான். மற்றவன் கேலி செய்வதற்கு முன் தானே தன்னைக் கேலி செய்துகொள்வான். பி.டி. பீரியடில் ‘கால் வலி சார்’ என்பான். வெயில் கொளுத்தும்போதும் டி-ஷர்ட்டுக்கு உள்ளே பனியன், மேலே இன்னொரு சட்டை. மார்புப் பகுதி பெரிதாகத் தெரிகிறதே என்ற கூச்சம். பருவ வயதில் பல பையன்களுக்கு, ஒல்லியானவர்களுக்கும்கூட, மார்பு கொஞ்சம் வீங்கும்; பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே அடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தை அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அந்தப் பையனுக்கு எவ்வளவு நிம்மதி! ஆனால் அப்பாக்கள் மார்க்கைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

தினமும் ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குண்டான பிள்ளைகள் மைதானத்துக்கு வராததற்குச் சோம்பல் காரணம் என்று நாம் நினைக்கிறோம். போய்க் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பி.டி. டிரெஸ்ஸுக்குப் பயப்படுகிறார்கள். ஒரு சைஸ் தளர்வாகத் தைத்துக் கொடுங்கள். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருகிற பிள்ளை, கனத்தைத் தூக்குவதிலும், த்ரோபாலிலும், நீச்சலிலும், கேரமிலும்கூட முதலில் வரலாம். கேரம் ஆடினால் வேர்க்காதுதான்... ஆனாலும் ஜெயித்துப் பழகட்டுமே!

பள்ளிகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. பள்ளிக்குள்ளும், வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. நாலு மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலாவது போய் நின்று பாருங்கள், விதி எப்படி நடக்கிறது என்று புரியும். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. எதில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் இருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

சித்தப்பாக்களை என்ன செய்வது?

இது பெண்ணின் வேலை இல்லை, உங்கள் வேலை. ‘‘பெரியவங்க ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாங்க, நீ கண்டுக்காதே’’ என்று பிள்ளையிடம் சொல்வதை விட்டுவிட்டு, பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். ‘‘எங்க வீட்ல யார் உடம்பைப் பத்தியும் பேசறதில்லைன்னு வச்சிருக்கோம், நீங்களும் பேசாதீங்க’’ என்று சிரித்துக்கொண்டே, ஆனால் பிள்ளையின் காதில் விழுகிற மாதிரி. என் சிநேகிதி இதைப் பொங்கலுக்குச் செய்தாள். சித்தப்பாவுக்குக் கோபம்தான்; இரண்டு மாதம் போனே இல்லை. அன்று ராத்திரி மகள் அம்மா பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, அந்தக் கல்யாணத்து ராத்திரி விஷயத்தை முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறாள்.

அதோடு, கண்ணாடி முன்னால் நின்று ‘‘ஐயோ, என் தொப்பையைப் பாரேன்! இந்தப் புடவை எனக்கு எடுபடாது’’ என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். பிள்ளை அதையும்தான் கற்றுக்கொள்கிறது.

அந்தப் பெண்ணுக்கு எடை குறைந்ததா என்று கேட்பீர்கள். எட்டு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்து, பரீட்சை சமயத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. டாக்டர் ‘‘போதும், இப்படியே போகட்டும்’’ என்று சொல்லிவிட்டார். ராத்திரி சமையலறைக்குப் போவது அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. போனாலும் லைட் போட்டுக்கொண்டுதான் போகிறாள். த்ரோபால் டீமில் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறாள்.

போன வாரம் எனக்கு போன். ‘‘ஆன்ட்டி, சூப்பர் மார்க்கெட்ல நிக்கறேன். ஒரு பிஸ்கெட் பாக்கெட்ல ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ன்னு பெரிசாப் போட்டிருக்கான். பின்னாடி படிச்சா ரெண்டாவது பேரே வெல்லம்! எது அதிகமோ அதைத்தானே முதல்ல போடணும்? அப்ப மைதாவுக்கு அடுத்து வெல்லம்தானே அதிகம்? நான் கடைக்கார அண்ணாகிட்ட கேட்டேன், அவருக்குத் தெரியலை. இதுக்கு யாருக்கு லெட்டர் போடணும்?’’